ஒரு வெடிக்கு ஒரு மான்

குண்டைப் பற்றிப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை. மானை அடித்தவன் மானைப் பற்றிப் பேசுவான். அடிக்காதவன் குண்டைப் பற்றிப் பேசுவான். நான் பள்ளிக்கூடம் போனது ஆறு வருஷம், அதிலும் பாதி நாள் முயலுக்குக் கண்ணி வைக்கப் போய்விட்டேன். அதனால் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எழுபத்து மூன்று வருஷம் பார்த்துச் சொல்கிறேன்.

என் தங்கை பெரிலின் புருஷன் வார்விக் மெல்போர்னில் பல் டாக்டர். இருபது வருஷமாக எங்களோடு கிப்ஸ்லாந்து மலைக்குக் கடமான் வேட்டைக்கு வருகிறான். ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுக் குண்டோடு வருவான். போன வருஷக் குண்டை ஏன் விட்டாய் என்று கேட்டால், அதைச் செய்தவனே அதை விட்டுவிட்டான் என்பான். எனக்கு ஒரே துப்பாக்கி, முன்னூற்று மூன்று ரகம், என் அப்பா வாங்கியது. ஒரே குண்டு, மழுங்கிய மூக்குள்ள ஈயக் குண்டு. ஊர்க் கடையை மூடுகிற அன்றைக்கு மிச்சமிருந்த பெட்டிகளையெல்லாம் வாங்கி வைத்தேன். நாற்பது வருஷமாக மாற்றவில்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். அதுதான் என் கழுத்தைப் பிடித்தது, பிறகு சொல்கிறேன்.

நாங்கள் போகிற இடம் நொரீன் டன்ஸ்டரின் நிலம். மலையடிவாரத்தில் அவள் வீடு, அதற்குப் பின்னால் ஓடை, அதற்குப் பின்னால் காடு. உள்ளே போக ஒரே ஒரு கேட். கேட்டில் ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒன்றோடொன்று கோர்த்து ஏழு பூட்டு. கரண்டுக்காரனுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, தேன்பெட்டி வைக்கிறவனுக்கு ஒன்று, இப்படி. எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி அவிழும். ஆறாவது பூட்டு என்னுடையது. நொரீனின் புருஷன் ஆல்பி முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் தன் கையால் கோர்த்துக் கொடுத்தான். இந்த மாவட்டத்தில் அந்த மாதிரி ஒரு பூட்டுக்கு ஆட்கள் பெண்ணைக் கட்டிக் கொடுப்பார்கள். எனக்குக் குழந்தை கிடையாது, மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. சொத்து என்று சொல்ல எனக்கு இருப்பது அந்தப் பூட்டுதான்.

அந்தப் பூட்டுக்குத்தான் ஆபத்து வந்தது.

போன வருஷத்துக்கு முந்தின ஜூன் மாதம், நாங்கள் வந்து போன பத்தாம் நாள், நொரீனின் குளத்தில் ஒரு கொம்பன், ஆண் கடமான், செத்து மிதந்தது. வயிற்றில் வெடி பட்டு, தாகத்துக்கு இறங்கி, அங்கேயே கிடந்திருக்கிறது. அவள் வீட்டுக்கும் மாட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான். டிராக்டர் வைத்து இழுத்துப் போட்டு, குளத்தை இறைத்து, இரண்டு மாதம் வெளியிலிருந்து தண்ணீர் வாங்கியிருக்கிறாள்.

அந்த முறை நாங்கள் இருந்தபோது இரண்டு வெடி கேட்டதாக அவள் சொன்னாள். ஒன்று வார்விக்குடையது, அவன் ஒரு பெட்டையை அடித்து வீழ்த்தினான், அதன் ஈரலை அவளே வாங்கிச் சாப்பிட்டாள். இன்னொன்று பொழுது சாய்கிற நேரத்தில் கேட்டது. பக்கத்து மலைக்காரன் வெடியாக இருக்கும் என்று நான் சொன்னேன். பல் டாக்டரின் குண்டு ஒன்றைத் துளைத்துக்கொண்டு போய் இன்னொன்றின் மேல் பட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை என்றும் சொன்னேன். இந்தக் காலத்துக் குண்டு என்னதான் செய்யாது.

அன்றைக்குப் பொழுது சாய்கிறபோது நானும் ஒரு வெடி வைத்தேன் என்பது உண்மை. மங்கலில், மரத்துக்குப் பின்னால். மான் ஓடிவிட்டது. போய்ப் பார்த்தேன், இரத்தம் இல்லை. ஒரு கால் மணி நேரம் தேடியிருப்பேன், சரி, பத்து நிமிஷம். படவில்லை என்று வந்துவிட்டேன். படாத வெடியைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்க என்ன இருக்கிறது?

போன ஜூன், ராஜா பிறந்தநாளுக்கு விடுகிற மூன்று நாள் லீவில், வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டியில் நான், வார்விக், டெஸ் மூன்று பேரும் போனோம். டெஸ் முன்னால் லாரி ஓட்டினவன். வேட்டைக்கு வருவது சமைக்கவும் சாப்பிடவும். நொரீன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நாய்களோடு நின்றுகொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயசு, முதுகு நிமிர்ந்தபடி நிற்பாள்.

"கிளாரி, ஒரு பேச்சு" என்று என்னைக் கூப்பிட்டாள்.

"சொல்லு நொரீன்."

"எனக்குக் கண்ணு போயிட்டே வருது. காது நல்லா இருக்கு. இந்த மூணு நாளும் நான் வெடிச் சத்தத்த எண்ணிட்டு உக்காந்திருப்பேன். ஒரு வெடிக்கு ஒரு மான். ஞாயித்துக்கிழமை எத்தன வெடியோ அத்தன மான் கொட்டகையில தொங்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் உன் பூட்ட வெட்டி எடுத்துருவேன். அப்புறம் என்கிட்ட வந்து ஆல்பி பேரச் சொல்லிட்டு நிக்காத."

"நியாயம்தான்" என்றேன். வேறென்ன சொல்ல.

"இன்னும் எதாவது சொல்லணுமா நீ?" என்று கேட்டாள். என்னைத்தான் பார்த்தாள்.

"இல்லியே" என்றேன்.

ஓடைக்கரையில் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கிற பழைய கொட்டகை. அங்கேதான் தங்குவோம். டெஸ் அடுப்பு மூட்டினான். வார்விக் மேசையைத் துடைத்தான், மாவில் செய்ததுபோல் ரோஸ் நிறத்தில் மூன்று உருண்டைகளை எடுத்து வைத்தான். பல் அச்சு எடுக்கிற பசை. வீட்டுத் தோட்டத்தில் மான் சதைக்குப் பதிலாகக் கெட்டியான ஜெலட்டின் பாளத்தில் குண்டைச் சுட்டு, அது போன துளைக்குள் பசையை ஊற்றி, துளையை அச்சாக எடுத்திருக்கிறான்.

டெஸ் ஒன்றைக் கையில் எடுத்தான். "இது யாரோட பல்லு?"

"பல்லு இல்லடா. காயம். உள்ள எவ்வளவு பெரிசா ஆகுதுன்னு பாரு."

"சாப்பாட்டு மேசையில காயத்த வைக்காத. சாசேஜ் போடப் போறேன்."

வார்விக் காதில் வாங்கவில்லை. அவன் பாடம் எடுக்க ஆரம்பித்தால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கிற நோயாளி மாதிரிதான் நாமும் கேட்க வேண்டும். ஈயக் குண்டு சீக்கிரம் விரியும், ஆனால் எலும்பில் பட்டால் உடைந்து சிதறும். உறை ஒட்டின ஈயம் அவ்வளவாகச் சிதறாது, ஆனால் தூரத்தில் விரியாது. முழுச் செம்பு இருக்கிறதே, அது நாலு இதழாக மலரும், ஒரு துணுக்குகூடச் சிந்தாது, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போகும், மான் நின்ற இடத்திலேயே விழும். அதனால் இந்த வருஷம் செம்பு. ஒவ்வொரு குண்டையும், தங்கப் பல்லுக்கு எடை போடுகிற தராசில் நிறுத்து, அரை குன்றிமணி கூடியதையெல்லாம் ஒதுக்கிவிட்டான். நூறில் ஏழு தேறியது.

"மிச்சம் தொண்ணூத்து மூணு?" என்று கேட்டேன்.

"அது காட்டுக்கு லாயக்கில்ல மச்சான்."

"மானுக்குத் தெரியவா போகுது?"

"உங்களுக்கு இது வெளையாட்டு. அது வலியில்லாம சாகணும். அதுக்குத்தான் இவ்வளவும். ஒரே வெடி, சுத்தமா முடிஞ்சிரணும்."

இதை அவன் மனசாரச் சொன்னான். அதுதான் அவனிடம் எரிச்சலான விஷயம், பொய் சொல்லத் தெரியாது.

டெஸ் தன் தோட்டாப் பெட்டியைக் காட்டினான். "நான் பெட்டி மேல போட்டிருக்கிற படத்தப் பாத்து வாங்குவேன். பெரிய கொம்பு எதுல இருக்கோ அது. இதுல பதினாலு கிளை."

"அது கடமானே இல்லடா" என்றான் வார்விக். "கடமானுக்கு ஆறு கிளைதான்."

"அப்ப இது இன்னும் பலமான குண்டு."

என்னைக் கேட்டார்கள். நாற்பது வருஷம், ஒரே குண்டு, மழுங்கிய மூக்கு, மாற்றவில்லை என்று சொன்னேன். ஆல்பி உயிரோடு இருந்தபோதும் இதுதான், இப்போதும் இதுதான், இந்த மலையில் இதைச் சுடுகிறவன் நான் ஒருவன்தான் மிச்சம் என்றேன். நல்ல உரத்த குரலில் சொன்னேன்.

பிறகு ஒரு விஷயம் கேட்டேன். எனக்குப் படிப்பு இல்லையே தவிர துப்பாக்கி தெரியும். "குண்ட மாத்தினியே, குறி சரி பாத்தியா?"

வார்விக் தாடியைத் தடவினான். குண்டு மாறினால் அது போய் விழுகிற இடமும் மாறும். காகிதத்தில் மூன்று வெடி வைத்துப் பார்த்து, துப்பாக்கி மேலிருக்கிற ஸ்கோப் கண்ணாடியைச் சொடுக்குச் சொடுக்காகத் திருகிச் சரிசெய்யாமல் யாரும் காட்டுக்குப் போக மாட்டான். "சுடுற மைதானம் போன வாரம் மூடிட்டான். கணக்குப் போட்டுத் திருகியிருக்கேன். கம்ப்யூட்டர் பதினோரு சொடுக்குன்னு சொல்லுது."

"கம்ப்யூட்டர் மான் அடிச்சிருக்கா?"

"அப்ப இங்கயே மூணு வெடி வச்சுப் பாத்துருவோம். போய் நொரீன்கிட்ட கேட்டுட்டு வரேன், காகிதத்துல சுடுறது கணக்குல வராதுன்னு சொல்லிட்டா போதும்."

"போகாத."

"ஏன் மச்சான்?"

"கேட்டா வேணாம்னு சொல்ல ஒரு வாய்ப்பக் குடுக்கிற. அவ ஒரு சாக்குக்காக உக்காந்திருக்கா. நம்ம வாயாலயே குடுப்பானேன்? மூணு வெடி கேட்டா மூணு மான் எங்கடான்னுதான் கேப்பா. நான் அவள முப்பத்தொரு வருஷமா பாக்குறேன்."

அவன் உட்கார்ந்துவிட்டான். நான் சொன்னால் கேட்பான். மூத்தவன் என்று ஒரு மரியாதை.

சனிக்கிழமை காலையில் நானும் வார்விக்கும் ஓடையோடு மேலே ஏறினோம். டெஸ் கீழேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காவல் காக்கிறேன் என்றான். எதை என்று நாங்கள் கேட்கவில்லை. பனி விலகி வெயில் எதிர்ச் சரிவில் விழுந்தபோது கொம்பன் நின்றது. பட்டுப்போன ஒரு பெரிய மரத்துக்கு முன்னால், பக்கவாட்டில், படம் பிடிக்க நிற்கிற மாதிரி. நூற்று எண்பது மீட்டர் இருக்கும். என் துப்பாக்கியில் ஸ்கோப் கிடையாது, எனக்கு அது தூரம்.

"இன்னும் நூறு மீட்டர் இறங்குவோம்" என்று காதில் சொன்னேன்.

"காத்து மாறுது மச்சான். இந்தத் தூரம் செம்புக்குப் பெரிசே இல்ல."

கையால் தூரம் அளந்தான், கருவியாலும் அளந்தான், போனில் எதையோ தட்டினான். சாய்வுக்கு ஒரு கணக்கு, குளிருக்கு ஒரு கணக்கு. மான் அத்தனை நேரமும் நின்றது. அதற்கும் விடை தெரிந்துகொள்ள ஆசை போலிருக்கிறது. கடைசியில் வெடித்தான். கொம்பன் கார் ஹாரன் மாதிரி ஒரு சத்தம் போட்டது, வாலைத் தூக்கியது, போய்விட்டது.

"பட்டுருச்சா?" என்றான். முகம் வெளுத்திருந்தது.

"ஓடின ஓட்டத்தப் பாத்தா பல்லுகூட வலிக்கல."

எதிர்ச் சரிவுக்கு ஏறி இரண்டு மணி நேரம் தேடினோம். அவன் முழங்காலில் தவழ்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தான், பல் டாக்டர்கள் கண்ணில் மாட்டுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு. ஒரு சொட்டு இரத்தம் இல்லை, ஒரு மயிர் இல்லை. போதும் வா என்று மூன்று தடவை கூப்பிட்டேன், வரவில்லை. கடைசியில் நான்தான் பார்த்தேன். பட்டுப்போன மரத்தில், கொம்பன் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், அதன் முதுகுக்கு ஒரு சாண் மேலே புதுத் துளை. கோடாலியால் கொத்தி, அவன் பையிலிருந்த பல் பிடுங்குகிற குறடால் பிடுங்கினோம். நாலு இதழும் ஒரே அளவில் மலர்ந்து, பளபளவென்று, பூ மாதிரி இருந்தது.

"அப்பாடா, தப்பிச்சுது" என்று அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மானைச் சொன்னான். என் பூட்டு தப்பவில்லை. ஒரு வெடி, மான் இல்லை.

"இப்ப நான் சொல்றதக் கேளு" என்றேன். "அந்த வெடி நம்முது இல்ல. பக்கத்து மலைக்காரன் வச்சது. சத்தம் ஓடையில எதிரொலிச்சு இந்தப் பக்கம் வந்திருக்கும்."

"பொய் சொல்லணுமா?"

"யாருக்கும் காயமில்ல. மரம் புகார் குடுக்காது."

"முடியாது மச்சான். நான் போய்ச் சொல்லிருவேன்."

"பூட்டு என்னுதுடா."

"வெடி என்னுது."

"நீ என்ன, வாழ்க்கையில தப்பான பல்லப் புடுங்கினதே இல்லியா?"

"ரெண்டு தடவ புடுங்கியிருக்கேன்" என்றான். "ரெண்டு தடவயும் அவங்ககிட்டயே சொன்னேன்."

"என்ன பண்ணாங்க?"

"ஒருத்தி அழுதா. ஒருத்தன் அடிச்சான்."

இப்படிப்பட்டவனுக்கு என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். அவன் இறங்கி நடந்தான். வழியில் டெஸ்ஸை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் நொரீன் வீட்டுக்குப் போனோம். நான் பேசிச் சமாளித்துவிடலாம் என்றுதான் கூடப் போனேன்.

அவள் சமையலறையில் நாய்களுக்கு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். "எட்டு இருபதுக்கு ஒண்ணு கேட்டேன்" என்றாள், திரும்பாமலே. "ஈரல் எங்க?"

வார்விக் செம்புக் குண்டை மேசைமேல் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். குறி பார்க்காதது, பதினோரு சொடுக்கு, மரம். நொரீன் கையைத் துடைத்துவிட்டுக் குண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கு" என்றாள். "இவ்வளவு சுத்தமா ஒரு மரத்தக் கொன்னத நான் பாத்ததில்ல. துடிக்கக்கூட இல்ல. ஏன் குறி பாக்காம போன?"

"காகிதத்துல சுட்டா நீங்க எண்ணுவீங்கன்னு."

"கேட்டியா என்கிட்ட?"

வார்விக் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. டெஸ் காட்டிக் கொடுத்தான். "கிளாரிதான் கேக்க வேணாம்னான்."

"கேட்டிருந்தா பெட்டி பெட்டியா சுட விட்டிருப்பேன். வேணும்னா காகிதமும் நானே புடிச்சிருப்பேன்." அவள் ஜன்னல் பலகையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து கவிழ்த்தாள். நசுங்கிப் போன ஒரு ஈயக் குண்டு மேசையில் உருண்டது. "டாக்டரு, குண்டு தெரிஞ்சவராச்சே. இது என்னான்னு சொல்லுங்க. அன்னைக்கு என் குளத்துல செத்துதே, அந்தக் கொம்பன் வயித்துல இருந்து நானே அறுத்தெடுத்தது."

வார்விக்குக் கண் பிரகாசமானது. யாராவது குண்டைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவனுக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது. கண்ணாடியை மாட்டினான். பையிலிருந்து தராசை எடுத்தான், அளவுகோலை எடுத்தான். நான் அவன் காலை மேசைக்கடியில் மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டான்.

"முன்னூத்தி மூணு" என்றான். "பழைய மாதிரி, மழுங்க மூக்கு. இப்ப யாரும் இதச் செய்யறதே இல்ல. பாருங்க, எவ்வளவு ஒழுங்கா விரிஞ்சிருக்கு, எடையும் முக்காவாசி அப்படியே இருக்கு. ரொம்ப நல்ல குண்டு இது. தப்பு குண்டு மேல இல்ல. நெஞ்சுல பட்டிருந்தா அந்த எடத்துலயே விழுந்திருக்கும். வயித்துல வச்சா எந்தக் குண்டும் இப்படித்தான். வச்சவன் இருட்டுல..."

அங்கேதான் நிறுத்தினான். மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணாடியில் அவன் கண் முட்டை அளவுக்குப் பெரிசாகத் தெரிந்தது.

"ஒரு வருஷமா அந்தப் பாட்டில் அங்கயேதான் இருக்கு கிளாரி" என்றாள் நொரீன். "நீ வந்து அந்த ஜன்னலுக்குக் கீழயே உக்காந்து நாலு தடவ டீ குடிச்சிருக்க. நாலு தடவயும் டாக்டரோட குண்டக் கொற சொன்ன. நேத்து கேட்டுலயும் கேட்டேன், எதாவது சொல்லணுமான்னு."

"இரத்தம் இல்ல நொரீன்" என்றேன். "தேடினேன்."

"எவ்வளவு நேரம்?"

கால் மணி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் வார்விக்கின் முழங்கால் இரண்டிலும் சேறு அப்பியிருந்தது.

"பத்து நிமிஷம். நான்தான் சுட்டேன். பட்டிருக்கும்னு தெரியும். இருட்டிட்டு வந்துது, குளிரு. போயிட்டேன்."

நாய்கள் இறைச்சிக்காகக் கதவைப் பிராண்டிக்கொண்டிருந்தன. நொரீன் ஈயக் குண்டை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்க. உன்னுதுதானே. போய்ப் பூட்டக் கழட்டிக் கொண்டா."

நானே நடந்து போய் ஆறாவது பூட்டைக் கழற்றினேன். முப்பத்தொரு வருஷத்தில் அதற்கு எண்ணெய் போடாத மாதம் இல்லை, ஒரு திருகில் திறந்தது. சங்கிலி கீழே விழாமல் இருக்க அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக முடியவில்லை. அவர்கள் வண்டியில் வந்தார்கள். நொரீன் பூட்டையும் சாவியையும் என் கையிலிருந்து வாங்கி, வார்விக்கிடம் கொடுத்தாள்.

"நீங்க மாட்டுங்க. இனிமே பூட்டு உங்க பேர்ல. இவன் வரணும்னா உங்களக் கேட்டுட்டு வரட்டும். மரத்தச் சுட்டாலும் வந்து சொல்ற ஆளு எனக்குப் போதும்."

வார்விக் கோர்த்தான். தப்பாகக் கோர்த்தான், தேன்பெட்டிக்காரன் பூட்டை வெளியே விட்டுவிட்டான். நான்தான் சொல்லிக் கொடுத்து மறுபடி கோர்க்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நொரீனின் வீட்டு முன்னால் பழைய மாவு மூட்டையைக் கட்டிச் சுட்டோம். அவள் எண்ணவில்லை, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஸ்கோன் ரொட்டி சுட்டாள். கம்ப்யூட்டர் பதினோரு சொடுக்கு மேலே போகச் சொல்லியிருந்தது. உண்மையில் ஏழு கீழே வந்திருக்க வேண்டும். டெஸ்ஸின் பதினாலு கிளைக் குண்டு மூட்டையின் நடுவில் ஒரே துளையில் மூன்று தடவை போனது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது காட்டுக்குப் போக வேண்டுமென்றால் நான் மெல்போர்னுக்குப் போன் போட வேண்டும். வார்விக் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் சாவியைப் பற்றிப் பேச அவன் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்வான். செம்பிலேயே புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம், மூக்கில் நீல மொட்டு வைத்தது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உம் கொட்டுவேன். சில சமயம் போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்புக்கு விறகு போட்டுவிட்டு வருவேன், அவனுக்குத் தெரியாது.

என் மழுங்கிய மூக்கு இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது. அதை மாற்றப் போவதில்லை. தப்பு குண்டு மேல் இல்லை என்று அவனே தராசு வைத்துச் சொல்லிவிட்டான். பொழுது சாய்ந்தால் மட்டும் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.